பிள்ளைக் காம்பராவில் ஒரு போர்க்களம்

கஹவத்தைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாமார் கொழுந்தெடுத்துவிட்டு வரும்வரை பதினான்கு பிள்ளைகளும் என் பொறுப்பு.

போன வருஷம் தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவுக்குப் புதிதாக வர்ணம் அடித்தபோது, அங்கே மாட்டியிருந்த பழைய ஓவியம் ஒன்றை எங்களுக்குக் கொடுத்தனுப்பினார்கள். குதிரைப் படம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றாராம் துரை. அவர் குதிரைக்குக் கீழே பார்க்கவில்லை போலும். சண்டை ஓய்ந்த களம் அது. சேணம் சரிந்த வெள்ளைக் குதிரை, விழுந்து கிடக்கும் சிப்பாயை முகர்ந்துகொண்டு நின்றது. சுற்றிலும் இன்னும் பல சிப்பாய்கள், கைகால் பரப்பி, வாய் பிளந்து.

நாலு வயது வாயாடி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இவங்க எல்லாம் ஏன் கீழ படுத்திருக்காங்க?"

செத்துப்போனார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சாப்பிட்டுட்டு தூங்குறாங்க. யாராவது பொய்த் தூக்கம் தூங்குனா குதிர மோந்து பாத்து கண்டுபிடிச்சிரும்" என்று அளந்துவிட்டேன்.

அன்று மதியம் அதட்டல் உருட்டல் எதுவும் தேவைப்படவில்லை. படத்தில் இருந்தபடியே காலை மடக்கி, கையை வீசி, எல்லோரும் பாயில் விழுந்தார்கள். வாயாடி மட்டும் தவழ்ந்து போய் ஒவ்வொருவராக முகர்ந்தாள். சிரித்தவன் மாட்டிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் குதிரையும் தூங்கிவிட்டது. மறுநாளிலிருந்து குதிரையாக இருக்க அடிதடி. நானும் வெட்கமில்லாமல் முறை போட்டுக் கொடுத்தேன்.

ஒருநாள் பிள்ளைகள் நலம் பார்க்கும் அதிகாரி, சிங்கள அம்மா ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல் மதியத்தில் வந்துவிட்டார். வாசலிலேயே அவருக்கு முகம் வெளிறிப்போனது.

"அய்யோ, மொகத மே! என்ன இது, பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு?"

குதிரை தவழ்ந்து வந்து அவருடைய சேலையை முகர்ந்தது. "டீச்சர், இந்த நோனா தூங்கல!"

செத்துக் கிடந்த படை முழுவதும் கெக்கலித்துச் சிரித்தது. அதிகாரி முறைக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்வையாளர் புத்தகத்தில் எழுதினார்: பிள்ளைகள் நன்றாக உறங்குகிறார்கள். படத்தை உடனே கழற்றவும்.

கழற்றினேன். வேறெங்கும் மாட்டக் கூடாது என்று எழுதவில்லையே! பால் காய்ச்சும் குசினியில் மாட்டினேன். கதவைத் திறந்தால் பாயிலிருந்து நேராகத் தெரியும்.

அடுத்த தடவை வந்த அதிகாரி குசினியை எட்டிப் பார்த்தார். சுவரில் அதே படம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயோரம் உட்கார்ந்து என்னைக் கேட்டார்:

"டீச்சர், இன்னிக்கி குதிர யாரு?"

ஏழெட்டுப் பேர் கை தூக்கினார்கள்.