சனிக்கிழமை நித்திரை

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, சாப்பாட்டுக்கு இலை போடும்வரை இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முன்பக்கத்துப் படத்தில் அப்பா கண்ணைத் திறந்துகொண்டிருக்கிறார். அந்த ஒரு படத்தைக் கண்டுபிடிக்கத் தம்பியும் நானும் வீட்டிலிருந்த அல்பங்களையெல்லாம் கிளறவேண்டியிருந்தது. கலியாண வீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா, எதில் பார்த்தாலும் மற்றவர்கள் சிரித்துக்கொண்டு நிற்க, அப்பா ஓரத்தில் ஒரு கதிரையில் இருந்து கண்ணயர்ந்துபோயிருப்பார்.

இதை எழுதச் சொன்னவர் சித்தப்பா. “அண்ணை பிறந்ததிலையிருந்து கடைசி மட்டும் வடிவா எழுது பிள்ளை. நினைவுக் கல்வெட்டு எண்டால் அப்பிடித்தான்” என்றார். வடிவாக எழுதுகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை. ஒரு மாதமாகத் தேநீர் ஊற்றியும், ரெலிபோனில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் களைத்துவிட்டேன். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா பருத்தித்துறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடும்பத்தின் நடுப் பிள்ளை. ஊரின் பெருமையை என்னால் பாட முடியாது. அப்பா எங்களிடம் ஊரைப்பற்றி அதிகம் பேசியதில்லை. மறந்துபோய் அல்ல, ஆறுதலாக இருந்து பேச அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. படிப்பில் கெட்டிக்காரர், நாட்டுப் பிரச்சினையால் படிப்பு நின்றது, கொழும்பு, அதன்பின் யார் யாரோ காட்டிய வழியெல்லாம் அலைந்து லண்டன், அகதி விண்ணப்பம், காத்திருப்பு. இது உங்களில் பாதிப் பேருடைய சொந்தக் கதைதான், நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் டூட்டிங்கில் ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு ஷிப்ட் கிடைத்தது. நல்லதாக ஒன்று வரும்வரைக்கும் என்று சொல்லிச் சேர்ந்தவர், ஓய்வுபெறும்வரை காசு வாங்கும் அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே இருந்தார்.

அம்மா ஊரில் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். கலியாணமாகி இங்கே வந்ததும் முதியோர் இல்லம் ஒன்றில் பகல் வேலைக்குப் போகத் தொடங்கினார். காலையில் அப்பா படியேறும்போது அம்மா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பார். மாலையில் அம்மா திரும்பும்போது அப்பா கோட்டை மாட்டிக்கொண்டிருப்பார். “கறி பிரிட்ஜுக்கை இருக்கு. பெரியவளுக்குத் தடிமனும் இருமலும்.” “ஓம், மருந்து குடுக்கிறன்.” வாசலில் நின்று இப்படி இரண்டு வசனம் பேசித்தான் கிழமை நாட்களில் குடும்பம் நடத்தினார்கள். நாங்கள் அதைச் சண்டையில்லாத வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சண்டை பிடிக்க அவர்களுக்கு நேரம் எங்கே இருந்தது?

அதனால் சனியும் ஞாயிறும் எங்கள் வீட்டில் விட்டுக்கொடுக்க முடியாத நாட்கள். சனிக்கிழமை ஓவியக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சமையல்.

ஓவியக்கூடம் அம்மாவின் ஆசை. நகரத்தின் நடுவே, உள்ளே போகக் காசு கேட்காத அந்தப் பெரிய கட்டிடத்தை அவர் வந்த புதிதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். வெள்ளி இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வரும் அப்பா, முகத்தைக் கழுவி, சட்டையை மாற்றி, “வெளிக்கிடுங்கோ” என்பார். நோர்தர்ன் லைன் ரயிலில் ஏறினால் ஸ்ரொக்வெல் தாண்டுவதற்குள் அவர் தலை சாய்ந்துவிடும். ஓவியக்கூடத்தில் பெரிய கூடமொன்றின் நடுவில் தோல் தைத்த நீளமான ஆசனம் ஒன்று இருந்தது. அதற்கு எதிரே சுவர் முழுக்க ஒரு கடற்புயல். பாய் கிழிந்த கப்பல், மலைபோல அலை. அப்பா அதற்கு முன்னால் போய் இருந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, “இஞ்சரும், நீர் போய் ஆறுதலாப் பாரும்” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா அடுத்த அறைக்குப் போவதற்குள் இங்கே குறட்டை கேட்கும்.

“அவ்வளவு பெரிய புயல், அதுக்கு முன்னாலை இந்த மனுசன்ரை நித்திரையைப் பாருங்கோ” என்று அம்மா சிரிப்பார். எங்களிடம் தாளும் பென்சிலும் தந்து, பிடித்த ஏதாவதொன்றைக் கீறச் சொல்வார். தம்பி ஒவ்வொரு கிழமையும் அப்பாவையே கீறினான். அசையாமல் இருக்கிற ஆள் வேறு யார் கிடைப்பார் என்பது அவன் நியாயம்.

அங்கே காவலுக்கு நின்றவர்களில் பழைய ஆட்கள் அப்பாவைக் கண்டும் காணாதமாதிரிப் போவார்கள். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர், இங்கே நித்திரை கொள்ளக்கூடாது என்று சொல்லிக்கொண்டு தோளில் தட்டப் போனார். அம்மா ஓடிவந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீசில், இவர் நித்திரையில்லை, படத்தைப்பற்றி யோசிக்கிறார் என்றார். அப்பா அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய குறட்டை விட்டார். அந்த மனிதர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வளர்ந்தபிறகு ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்தது. “அப்பா, இவ்வளவு தூரம் வந்து நித்திரை கொள்ளுறதுக்கு வீட்டிலையே படுக்கலாம்தானே?” என்று கேட்டேன்.

“வீட்டிலை படுத்தால் கொம்மாவை எப்ப பாக்கிறது?” என்றார் அப்பா. “கிழமை முழுக்க நான் வர அவ போறா, அவ வர நான் போறன். இஞ்சை எண்டால் கண்ணை முழிக்கேக்கை பக்கத்திலை நிப்பா.”

இதைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் பேசிய காதல் வசனம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான், அதுவும் அரைத் தூக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுப்படியில் கால் வைக்க இடமிருக்காது. அப்பா வெங்காயம் உரிப்பார், தேங்காய் துருவுவார், அம்மா கறி கூட்டிக் காய்ச்சுவார். சவுத்தாலிலிருந்து அப்பாவின் தங்கை, எங்கள் மாமி வருகிறார் என்றால் கணவாய்க் கறி. சித்தப்பா வந்தால் ஆட்டிறைச்சிப் பிரட்டல். எனக்குக் கத்தரிக்காய்ப் பாற்கறி, தம்பிக்குக் கோழி. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும் என்பது அப்பாவுக்கு மனப்பாடம். எல்லோரும் சாப்பிட்டு எழும்பியபின், சட்டியில் ஒட்டிக்கிடக்கும் கறிக்குள் சோற்றைப் போட்டுப் பிரட்டி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கப் போவார். மாலையில் அம்மா போய் எழுப்புவார். “இஞ்சேருங்கோ, எழும்புங்கோ, நேரம் போச்சு.”

அப்பாவை எழுப்புவது எப்போதும் அம்மாவின் வேலைதான். மணிக்கூட்டை அப்பா நம்பமாட்டார். கிழமை நாட்களில் வேலையிடத்திலிருந்து ரெலிபோன் எடுத்து ஷிப்டுக்கு எழுப்பினார், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு எழுப்பினார், ஓவியக்கூடம் பூட்டும் நேரத்தில் எழுப்பினார். “பாவம், அந்த மனுசனை எழுப்பி எழுப்பியே என்ரை காலம் போகுது” என்று சலித்துக்கொள்வார். ஓய்வுபெற்றால் ஆசைதீர நித்திரை கொள்ளலாம் என்றுதான் இருவரும் நாளை ஓட்டினார்கள். ஓய்வும் வந்தது, ஆனால் நித்திரை வரவில்லை. இரவு முழுக்க விழித்தே பழகிய உடம்பு, இருட்டினால் விழித்துக்கொண்டது. அந்தப் புயற்படத்துக்கு முன்னால் மட்டும் பழையபடி கண்ணயர்ந்தார். முழங்கால் வலியோடு அம்மா சனிக்கிழமை தவறாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போனது அதற்காகத்தான். படம் பார்ப்பதை அம்மா எப்போதோ விட்டுவிட்டார். ஆசனத்தின் மறுமுனையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காவல் இருப்பார்.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவை நன்றாகத்தான் பார்த்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாட்டில் எப்போதும் வெளிச்சம். பிரஷர் பார்க்க ஒருவர், ஊசி போட ஒருவர் என்று யாராவது வந்து எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இஞ்சரும், என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போம். ஒருக்கா நல்லா நித்திரை கொண்டால் எல்லாம் சரிவரும்” என்றார். “நாளைக்குக் கேட்டுப் பாப்பம்” என்றார் அம்மா. மறுநாள் மத்தியானம் அப்பா போய்விட்டார். அந்த ஒரு நாளை அம்மா இன்னும் கையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

இங்கே தகனத்துக்கு நாள் கிடைத்தபிறகுதான் மற்றச் சடங்கெல்லாம். எட்டுச் செலவு என்கிற எட்டாம் நாள் படையலையும் கொஞ்சம் பிந்தித்தான் வைத்தோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். போனவருக்குப் பிடித்த சாப்பாட்டையெல்லாம் இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு, வீட்டார் எல்லோரும் வெளியே போய் நிற்பது எங்கள் வழக்கம். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடுவார் என்பது நம்பிக்கை. கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர் கதவைத் தட்டிச் சத்தம் காட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

அம்மா பிழிந்த துணிபோல இருந்தவர், அன்று காலையில் எழும்பி அடுப்படிக்கு வந்து, “மனுசனுக்கு என்ன பிடிக்கும் எண்டு வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. பிழையானதைப் போட்டு அனுப்பேலாது” என்றார்.

“எங்கடை அண்ணைக்குக் கணவாய் எண்டால் போதும்” என்றார் மாமி.

“அது உமக்கு. நீர் வாறீர் எண்டுதான் வாங்குறவர்” என்றார் அம்மா.

“ஆட்டிறைச்சி” என்றார் சித்தப்பா.

“அது உங்களுக்கு.”

“பாற்கறி?” என்றேன் நான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மேற்கொண்டு கேட்கவில்லை. தம்பி கோழியைப்பற்றி வாயே திறக்கவில்லை. சித்தப்பா ஒரு விஸ்கிப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா வாழ்நாளில் குடித்தவரில்லை. அதுவும் யாருக்குப் பிடித்தது என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

யோசித்து யோசித்துப் பார்த்தோம். அத்தனை பேருக்கும் எது பிடிக்கும் என்று தெரிந்துவைத்திருந்த மனிதருக்கு எது பிடிக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த அழுகை, தகனத்தன்றுகூட வரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சமைத்தோம். இலையைப் பார்த்தால் எங்கள் ஒவ்வொருவருடைய ஆசையும் அதில் இருந்தது, அப்பாவைத்தான் காணவில்லை.

சித்தப்பா கற்பூரம் கொளுத்தினார். எல்லோரும் எழும்பும் நேரம், அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மாடிக்கு ஏறினார். திரும்பி வந்தபோது அப்பாவின் தலையணையும் போர்வையும் கையில் இருந்தன. தலையணையை இலைக்குப் பக்கத்திலிருந்த நீளமான செற்றியில் வைத்து, போர்வையை விரித்து, ஒரு மூலையை மடித்துவிட்டார். திரைச்சீலைகளை இழுத்து மூடினார். சுவர் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்தார். பிறகு, “வாங்கோ, வெளியிலை போவம்” என்றார்.

வீட்டின் பின்வளவில் மழை தூறிக்கொண்டிருந்தது. பொழுதுபடும் நேரம், நல்ல குளிர். பாதிப் பேர் கோட்டுகூட எடுத்துக்கொண்டு வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துச் சித்தப்பா வழக்கப்படி கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

“தட்டாதேங்கோ” என்றார் அம்மா. “சாப்பிட்ட கையோடை மனுசன் படுத்திருப்பார். இண்டைக்கு நான் எழுப்பமாட்டன்.”

சித்தப்பா கையை இறக்கினார். பிறகு தன் கோட்டைக் கழற்றி அம்மாவுக்குப் போர்த்திவிட்டு, சுவரோரம் வந்து எங்களோடு நின்றார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த அவருடைய வேலைத்தலத்து நண்பர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், வாசலை மறித்து நிறுத்திய கார்களைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எவருடைய பெயராவது விடுபட்டிருந்தால் என் களைப்பின்மேல் பழியைப் போட்டு மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்று பின்வளவில் எங்களோடு நின்றவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. மழை பெலத்தது. பிள்ளைகள் பசியென்று சிணுங்கின. மாமிக்குக் கால் கடுத்தது. உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். அம்மா தானாகக் கதவைத் திறக்கும்வரை, உங்களில் ஒருவரும் தட்டவில்லை.

மூத்த மகள்
டூட்டிங், லண்டன்