தடியன் இல்லாத காலை

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரப் போர்வைகளைச் சூடான தேய்ப்பு உருளைக்குள் கொடுக்கும் வேலை, இரவு முழுக்க நின்றபடி. காலையில் வீடு திரும்பும்போது இரண்டு காலும் தன்னுடையவைதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். மதியம் வண்டி எடுத்தால் ஊர் அடங்கியபின்தான் வருவார். அவள் உள்ளே வரும்போது அவர் குறட்டை விடுவார். அவர் கிளம்பும்போது அவள் கண்ணயர்ந்திருப்பாள். பேருக்குத்தான் புருஷன் பெண்டாட்டி. நடப்பில் ஒரே வீட்டை முறைபோட்டுக் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது தடியன் என்கிற நாய் மட்டும்தான். இரவில் அவர் முதுகோடு ஒட்டிப் படுப்பான். சாவிச் சத்தம் கேட்டதும் கூடத்துக்கு ஓடி வந்து சோபாவில் அவள் பக்கத்தில் விழுவான். அவரை எழுப்பக் கூடாதென்று அவள் சோபாவில் படுப்பது அப்படியே பழகிப்போயிருந்தது. படுத்தபடி அன்றைய கதையையெல்லாம் தடியனிடம் கொட்டுவாள். போன மாதம் நின்றபடியே தூங்கி, போர்வையோடு விரலும் உருளைக்குள் போகப் பார்த்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை கிடையாது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதையும் தடியனிடம்தான் சொன்னாள். மனுஷர்களிடம் சொன்னால் அறிவுரை வரும். தடியனிடம் சொன்னால் தூக்கம் வந்தது.

அவனைத் தடியன் ஆக்கியதும் இவர்கள்தான். ஒருவர் சோறு போட்டது மற்றவருக்குத் தெரியாது. அவனும் பட்டினி கிடந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இருவரிடமும் காலைச் சாப்பாட்டைக் கறந்துவிடுவான், திருட்டுப் பயல். நேற்று தள்ளாடி விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கால்நடை மருத்துவர் சர்க்கரை என்றார். காலையில் யார் சோறு போடுகிறீர்கள் என்று அவர் கேட்டதும், நான்தான் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் இவர்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாய் சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அவன் இல்லாத முதல் காலை இது. பெரியக்கா சோபாவில் புரண்டு புரண்டு பார்த்தாள். கண் எரிந்ததே தவிர மூடவில்லை. இந்தக் கண்ணோடு இன்று ராத்திரியும் உருளைக்கு முன்னால் நிற்க வேண்டுமே என்று நினைத்தாள். கடைசியில் எழுந்து போய்க் கட்டிலில், தடியன் படுக்கும் இடத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் சுருண்டுகொண்டாள்.

கட்டில் அசைந்ததும் அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவள் தலையைத் தடவினார். காதுக்குப் பின்னால் சொறிந்தும் விட்டார். பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில்கூட இந்த மனுஷனிடம் இவ்வளவு பரிவைக் கண்டதில்லை.

"டேய் தடியா," என்றார், தூக்கக் கலக்கத்தில். "நேத்தும் வண்டி ஓட்டும்போது கண்ணு சொக்கிடுச்சுடா. பின்னாடி யாரோ கத்தினப்புறம்தான் முழிச்சேன். வண்டி நிறைய ஆளு. அவகிட்ட சொல்லிடாதே. அவளே தூங்காம கெடக்கா, பாவம்."

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவர்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா என்று வாய்வரை வந்துவிட்டது. தான் மட்டும் என்ன ஒழுங்கு என்று தோன்றியதும் அதை அப்படியே விழுங்கினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

தலைமேல் இருந்த கை அப்படியே நின்றது. ஆனால் அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்தபடியே, மழை ஆரம்பித்ததிலிருந்து என்றார். அவள் தன் விரல் கதையைச் சொன்னாள். அவர் திரும்பிப் படுத்து, அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. அதற்குத் தெம்பும் இல்லை.

அவள் எட்டி அவருடைய போனை எடுத்துப் பணிமனைக்குப் பேசினாள். "நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். இன்னிக்கு அவர் வண்டி எடுக்க மாட்டார். காய்ச்சல் எல்லாம் இல்லைங்க. அவர் தூங்கணும்."

மறுமுனையில் கத்தியது அவர் காதுவரை கேட்டது. அவள் அழைப்பைத் துண்டித்ததும் அவர் போனை வாங்கிக்கொண்டார்.

"உன் மேற்பார்வையாளர் நம்பரைச் சொல்லு," என்றார்.

அவர் பேசி முடிப்பதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.