ஒன்று மட்டுமே ஆமாம்

லான்செஸ்டன் மர டிப்போவில் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் கார்பின் ஹாலெட்டிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில் வாங்கிவிட முடியாது. சாப்பிட்டாயா என்று கேட்டால் முந்தாநாள் சமைத்ததிலிருந்து ஆரம்பிப்பான். பிட்காயின் பணத்துக்கு நிரல் வரிகளில் பூட்டு எழுத அவனாகவே கற்றுக்கொண்டவன். வியாழக்கிழமை பப்பில் கூடும் பிட்காயின்காரர்கள் அவனைக் கெட்டிக்காரன் என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே மற்ற ஆறு நாளையும் ஓட்டினான்.

அக்கா தியா, சால்மன் மீன் ஆலையில் ஒன்பது வருடம் மீன் அரிந்து சேர்த்த பணத்தை, வீடு வாங்கும்வரை பத்திரமாகப் பூட்டிவைக்கச் சொன்னாள். எழுதிக் கொடுத்தான். அவள் ரகசியச் சொல்லைக் கொடுத்தால் பூட்டு அதன் நீளத்தை எண்ணும்: முப்பத்திரண்டு. பூஜ்யம் அல்லாத எதுவும் 'ஆமாம்', பணம் அவளுக்கு. அவள் செத்துப்போனால்? சொல்லே இல்லையென்றால் நீளம் பூஜ்யம், அதாவது 'இல்லை'; ஒரு வருடம் கழித்து அந்த வழியில் கணவன் ரோலண்ட் தன் கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

விளையாட்டுக் காசு வைத்துச் சோதித்தான், திறந்தது. பிறகு, கட்டணம் குறையுமென்று அதே பூட்டைப் புதுவகை முகவரிக்கு மாற்றி, அக்காவின் பணத்தை அதில் போட்டான்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நெரிடா என்பவள் மட்டும், "மாத்தின பிறகு திரும்பச் சோதிச்சியா?" என்று கேட்டாள்.

"பாட்டில் மாறினா பீர் மாறுமா?" என்றான். மேசையே சிரித்தது. தியாவும் அன்று வந்திருந்தாள்; அந்த நேரம் பார்த்துக் கழிவறைக்குப் போயிருந்தாள்.

பணத்தைப் பூட்டிய எட்டாம் மாதம் ரோலண்ட் வேறொருத்தியோடு போனான். தியா ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுப் பணம் எடுக்க வந்தாள். பிட்காயின் வலை அவள் சொல்லை ஏற்கவில்லை. பத்து தடவை முயன்றார்கள். புதுவகை முகவரியில் ஒன்று என்ற எண் மட்டுமே 'ஆமாம்', வெறுமை மட்டுமே 'இல்லை'. முப்பத்திரண்டு வெறும் குப்பை. சொல்லே தராத ரோலண்டின் வழியில் மட்டும் ஒரு பழுதும் இல்லை.

பணத்தை எடுத்ததும் அக்காவிடமே கொடுத்துவிடும்படி கார்பின் அவனிடம் போய்க் கெஞ்சினான். ரோலண்ட் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என் பக்கத்தை மட்டும் ரொம்ப நல்லா எழுதியிருக்கே, மச்சான்."

வருடம் முடிந்த அன்று காலை, மொத்தமும் ரோலண்டிடம் போவதை அக்காவும் தம்பியும் திரையில் பார்த்தார்கள்.

"திரும்பச் சோதிக்கச் சொல்லி யாராவது உன்கிட்ட சொன்னாங்களா?"

"அக்கா, அன்னைக்கு மேசையில எல்லாரும்…"

"ஆமாவா, இல்லையா?"

"கட்டணம் குறையுமேன்னுதான்…"

"ஆமாவா, இல்லையாடா?"

"ஆமா."

தியா ரப்பர் கையுறைகளை எடுத்துக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினாள். பதினோராவது வருடம்.