குளக்கரையில் பேசியது

பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஒருத்தி, முன்பின் தெரியாதவர்கள் வாசிக்கப்போகிற தாளில் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கம்தான். எழுதத் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் எங்கள் குளத்தடியில் நடந்த பாட்டு விழாவைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் ஊருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துப் புருசனை ஏசினேன் என்றும் ஒரு கதை உலாவுகிறது. நான் ஏசவில்லை.

என் தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டி வயல் செய்தவர்கள். நான் பிறந்தது இங்கேதான் என்றாலும் வீட்டில் பேசியது மலைநாட்டுத் தமிழ். என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்குக் குடிவந்த குடும்பம். கலியாணமான புதிதில் ஒருநாள் மாமியிடம், "அவருகிட்ட கொஞ்சம் பேசணும் மாமி" என்றேன். மாமி அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "வந்து ஒரு கிழமை ஆகேல்லை. அதுக்குள்ள என்ர பிள்ளைக்குப் பேசப்போறியோ?" என்றார்.

இந்தப் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. சும்மா பேசுவதற்குக் கதைப்பது என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு ஓம், வாங்கோ, கதைக்கிறன் எல்லாவற்றையும் பழகிக்கொண்டேன். பதறினால் மட்டும் பழையது வந்துவிடும். அந்தப் பயத்தில்தான் சனத்துக்குள் வாய் திறப்பதில்லை.

விழாவை நடத்தியவர் எங்கள் ஊரிலிருந்து இளவயதில் வெளிநாடு போனவர். அங்கே மலைப்பக்கத்துச் சனங்கள் வாசிக்கிற ஒரு வகைப் பாட்டில் ஆசை வைத்து, அதை வாசிக்கிற சிநேகிதர் நாலு பேரைச் சித்திரை விடுமுறைக்கு அழைத்து வந்திருந்தார். புளூகிராஸ் என்று அதற்குப் பெயர். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் "நீலப்புல் இசை" என்றதும், எங்கள் அயல்காணிக்காரர், "நீலப் புல்லோ? என்ர வயலுக்கை கோரைப் புல்லுத்தான் கிடக்கு. அதுக்கும் ஒரு பாட்டுப் படிச்சா அழியுமோ எண்டு கேளுங்கோ" என்று சிரிக்க வைத்தார்.

குளக்கரை மேட்டில் தகரக் கூரை போட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி மேடை. வயலின், மண்டலின், கிட்டார் எல்லாம் நாம் கண்டவை. பேஞ்சோ என்ற ஒன்றுதான் புதிது. அப்பா காமன் கூத்துக்கு அடித்த தப்பு மேளத்தைப் போல வட்டமாகத் தோல் போர்த்தி, அதற்கு நீண்ட கழுத்து வைத்துக் கம்பி கட்டியிருந்தார்கள். தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி அதன் சத்தம் தனியாகக் கேட்கும். வருகிறவர்களுக்குக் கயிறிழுத்தல், கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டிப் பானை உடைத்தல், குளக்கட்டில் சைக்கிள் ஓட்டம், பிறகு படகுச் சவாரி. நான் ஒரு கரையில் கூடாரம் போட்டுத் தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். படகு என் வீட்டுக்காரருடையது.

குளத்து மீன் பிடிக்கிற சின்னப் படகுதான். எஞ்சின் சத்தம் பாட்டைக் கெடுக்கும் என்று எல்லாப் படகிலும் எஞ்சினைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஆழம் குறைந்த இடத்தில் கம்பால் ஊன்றித் தள்ளி, ஆழத்தில் துடுப்பு வலித்துத்தான் ஓட்டினார். விழா நடத்தியவருக்கு அவருடைய ஓட்டம் பிடித்துப்போய், இனி ஒவ்வொரு விடுமுறைக்கும் இங்கே படகு விடப்போகிறோம், நீங்கள்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அப்போதே ஒன்று கேட்டார்: "உடம்பில ஒரு குறையும் இல்லைத்தானே அண்ணை?"

"ஒண்டும் இல்லை" என்றார் இவர்.

சின்ன வயதில் சீழ் வைத்து இவருக்கு இடது காது போய்விட்டது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஆட்களுக்கு வலது பக்கத்தைக் கொடுத்தே நின்று பழகியவர். ஒற்றைக் காதில் சத்தம் கேட்கும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது. முற்றத்தில் நின்று கூப்பிட்டால் கிணற்றடியைப் பார்ப்பார். நானும் பிள்ளைகளும் அதற்குச் சிரிப்போம்.

விழாவின் முதல் நாள் பின்னேரம் வவுனியாவிலிருந்து வந்த புதுத் தம்பதி ஒன்றை ஏற்றிக்கொண்டு போனார். தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நிற்கிற பக்கத்தில் கொக்கும் நாரையும் இறங்கும். அதைக் காட்டத்தான் போனது. அந்த மரங்களுக்கு அப்பால் முதலை படுக்கிற சேறு. வானம் மேற்கே கறுத்தபோது நான் அடுப்பைவிட்டு எழும்பிப் பார்த்தேன். படகு இன்னும் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பார்க்கக் கேட்டிருப்பார்கள். இவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது.

சித்திரைக் குழப்பம் என்று நாங்கள் சொல்கிற காற்றுமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதலில் காற்று. என் கூடாரத்துப் படங்கைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதன் பின்னால் மழை வெள்ளைச் சுவராக வந்தது. பட்ட மரங்கள் மறைந்தன. அக்கரை மறைந்தது. பிறகு தண்ணீரே பத்து முழத்துக்கு மேல் தெரியவில்லை. சனம் பள்ளிக்கூடப் பக்கம் ஓடியது. இரண்டு மீன்பிடிகாரர் எஞ்சின் எடுத்துவர வீட்டுக்கு ஓடினார்கள். அவர்கள் வரும்வரை காற்று பார்த்துக்கொண்டிருக்குமா? மிதவைச் சட்டை போட்டுத்தான் போனார்கள். முதலைக்குச் சட்டை தெரியுமா?

மேடையில் பாட்டு நின்றுவிட்டது. நான் ரொட்டி மாக் கையோடு ஏறினேன்.

"தம்பி, பாட்ட நிறுத்தாதீங்க."

ஒலிபெருக்கிக்காரப் பொடியன் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "என்னக்கா விசர்க் கதை? மின்னுது. ஜெனரேற்றரை நிப்பாட்டப்போறன்."

"மைக்க குடுங்க. நான் அவருகிட்ட பேசணும்."

அறிவிப்பாளர் திரும்பிப் பார்த்தார். "இப்ப பேசுற நேரமே அக்கா? மனுசன் முதல்ல கரைக்கு வரட்டும். வீட்டை கொண்டுபோய் ஆசை தீரப் பேசுங்கோ."

கூரைக்குள் ஒதுங்கி நின்ற யாரோ சிரித்தார்கள். "பேச இல்ல... கதைக்க. கதைக்கோணும்" என்றேன். அதுவும் அழுகையாகத்தான் வந்தது.

விழா நடத்தியவருக்கு அப்போதுதான் படகு ஞாபகம் வந்தது போலிருந்தது. முகம் மாறிவிட்டது. வெள்ளைக்காரர்களிடம் அவர்களுடைய பாசையில் ஏதோ சொன்னார். அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் உறைக்குள் வைத்ததை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்கள். பொடியன் முணுமுணுத்துக்கொண்டு கம்பிகளைத் திரும்பப் பொருத்தினான்.

"சரி அக்கா. சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்திடுவார். பயப்பிடாதேங்கோ" என்றார் விழா நடத்தியவர்.

வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். பாட்டு அவருக்கு நாலு பக்கத்திலிருந்தும் கேட்கும். சேற்றுப் பக்கம் இருந்தும் கேட்கும். அதைச் சொன்னால் அவர் இத்தனை வருசம் மூடிவைத்தது போய்விடும். படகு வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால் என்று நினைக்க முடியவில்லை.

"அவருக்கு இடது காது கேக்காதுங்க. சத்தம் எந்தப் பக்கம்னு தெரியாது."

விழா நடத்தியவர் என் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

அவர் மைக்கை ஒரு பொலித்தீன் ஷொப்பிங் பையால் சுற்றி என் கையில் தந்தார்.

"தங்கச்சி" என்றேன். என் குரல் குளத்தின்மேல் போய்த் திரும்பி வந்தது எனக்கே பயமாக இருந்தது. "படகுல இருக்குற தங்கச்சி. பாட்டு வர்ற பக்கத்த கையால காட்டும்மா. அவருக்குக் காது கேக்காது. வாயால சொல்லாத, கையால காட்டு. கைய எடுத்துறாத."

ஓம் இல்லை, வாங்கோ இல்லை. முழுக்க மலைநாட்டுத் தமிழ். கூரைக்குள் நின்ற சனம் அவ்வளவும் கேட்டது. பள்ளிக்கூடத்துக்கும் கேட்டிருக்கும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் மூச்சு எடுக்கிற நேரத்தில் பாட்டு ஓங்கும், நான் வாய் திறந்தால் தாழும். ஒரே பாட்டைத்தான் வாசித்தார்களா, பல பாட்டா என்று எனக்குத் தெரியாது. மழை சரிந்து அடித்து பேஞ்சோக்காரரின் முழங்கையிலிருந்து தண்ணீர் வடிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வாசித்தார். எவ்வளவு நேரம் என்று கேட்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

முதலில் தெரிந்தது ஒரு கை. அந்தப் பெண் படகின் முன்பக்கத்தில் இருந்து, கைகாட்டி மரம் போல நேரே மேடையைப் பார்த்து நீட்டியிருந்தாள். மற்றக் கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய புருசன் தகரப் பேணியால் தண்ணீர் இறைத்தான். இவர் எங்களைப் பார்க்கவே இல்லை. அந்தக் கையைப் பார்த்துத்தான் வலித்துக்கொண்டு வந்தார்.

கரைக்கு இழுத்தபோது இவருடைய பற்கள் அடித்துக்கொண்டன. யாரோ அதற்குள் சொல்லியிருக்க வேண்டும். "என்ன, ஊருக்கு முன்னால எனக்குப் பேசினியாமே?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

விழா நடத்தியவர் வந்து இவருடைய இடது பக்கத்தில் நின்று ஒன்று சொன்னார். இவர் திரும்பவில்லை. அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, சுற்றிவந்து வலது பக்கத்தில் நின்று அதையே சொன்னார். நான் இரண்டு தரமும் கேட்டேன்.

"நாளைக்குப் படகு வேண்டாம் அண்ணை."

இவர் தலையாட்டிவிட்டுப் படகில் கிடந்த தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்.

மறுநாள் வானம் வெளித்திருந்தது. விழா நடந்தது, படகு ஓடவில்லை. இவர் விடியவே வலை எடுக்கப் போய் ஒரு வாளி மீனோடு வந்தார். நான் ரொட்டி சுட்டேன். மத்தியானத்துக்கு முன்னமே மா முடிந்துவிட்டது.