செண்பகம் அக்காவின் குளக்கரை மூங்கில்

செண்பகம் அக்கா இறந்த மார்கழிக் காலையில் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், எதிர்வீட்டு லூர்து மேரி, செய்தி கேட்டு அரிவாளோடு வந்த ஊர்க்காரர் கோவிந்தராசு. அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. அண்ணன் முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகளில் பெரியவன் பாஸ்கர் சிங்கப்பூரில், சின்னவன் முரளி துபாயில். கடைத்தெரு டெலிபோன் பூத்திலிருந்து என் கணவர் இருவருக்கும் சொன்னார். காரியத்தன்று படிக்கவும், அவர்களுக்கு ஒரு நகல் அனுப்பவும் இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். அக்காவைத் தெரிந்தவர்களிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

கொல்லைக்குப் பின்னால் உள்ள குளமும் கரை மூங்கிலும் அக்காவின் பொறுப்பு. ஐப்பசி மழை பிடித்ததும் கொக்கும் வக்காவும் அதில் கூடு கட்டும். குஞ்சுகள் பறக்க மாசி ஆகும். அதுவரை அங்கே அரிவாள் போகக் கூடாது. பங்குனியில் ஓரத்து முற்றல் கழிகளை மட்டும் ஆள் விட்டு வெட்டுவார். வெங்காயத்தாமரையை வாரிக் கரையில் போடுவார், மண் சரிந்த இடத்தில் வெட்டிவேர் நடுவார். பறவை எச்சம் கலந்த தண்ணீர் மதகு வழியாகக் கீழ் வயல்களுக்குப் பாயும். அந்த வயல்காரர்களுக்கு யூரியாச் செலவு குறைவு. கேலி செய்ததும் அவர்கள்தான்.

“கொக்குக்கிட்ட வாடகை வாங்குறீங்களா பெரியம்மா?”

“வாங்குறேனே. அதுங்க பேளுறதுலதான்டா நீ சோறு திங்கிற.”

கோவிந்தராசுவின் அப்பா இறந்தது ஒரு கார்த்திகை அடைமழையில். பாடை கட்டப் பச்சை மூங்கில் வேண்டும். எங்கள் ஊரில் சாவுக்கு யார் கொல்லையிலும் கேட்காமலே வெட்டலாம், அது முறை. ஆனாலும் அவர் கேட்கத்தான் வந்தார். அக்கா கொல்லைப் படலை மறித்து நின்றார்.

“இப்ப வெட்ட முடியாது. உள்ள குஞ்சு இருக்கு.”

“எங்கப்பா வாசல்ல கெடக்கறாரு பெரியம்மா.”

“அவரு இனிமே எதுலேருந்தும் உளுந்து சாவப்போறதில்ல. டவுன்ல போய் வாங்கு.”

கோவிந்தராசு திருத்துறைப்பூண்டிக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வரும்வரை பிணம் சாரலில் நனைந்து கிடந்தது. அதன்பின் ஊரார் யாரும் அக்கா வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

பாஸ்கர் முதல் லீவில் வந்தபோது பெண் வீட்டார் வந்தார்கள். மீன் கவிச்சியும் எச்ச வாடையும் கூடம்வரை வீசின. பெண்ணின் தாயார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

“இந்த நாத்தத்துக்குள்ள எந்தப் பொண்ணும்மா வருவா?” என்றான் பாஸ்கர்.

“மூக்கில்லாதவளாப் பாரு.”

அவன் சாப்பிடாமல் பெட்டியைக் கட்டினான். அக்கா வாசலுக்கு வரவில்லை. கூட்டிலிருந்து விழுந்த வக்காக் குஞ்சு ஒன்றைக் கம்பு முனையில் முறத்தைக் கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. அவன் பிறகு வரவே இல்லை.

அக்கா இறந்த அன்று கோவிந்தராசு நேரே கொல்லைக்குப் போனார். “பெரியம்மாவுக்குச் சொந்த மூங்கில் இருக்கையில டவுனுக்கா போவணும் சித்தப்பா?” என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, “வெட்டுப்பா” என்றார். நானும் லூர்து மேரியும் அக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். ஓரத்தில் முற்றல் கழிகள் இருந்தன. கோவிந்தராசு நடுப்புதரில் வெட்டினார். இழுத்த இழுப்பில் கூடுகள் சரிந்தன. குஞ்சுகள் சேற்றில் விழுந்தன, தெருநாய்கள் வந்துவிட்டன. “அந்தப் பக்கம் பாக்காதீங்கக்கா” என்று லூர்து மேரி என்னிடம் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பஞ்சாட்சரத்தைச் சொல்லிக்கொண்டே அக்காவின் முகத்தைத் துடைத்தேன். பாடைக் கழியில் எச்சம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. தூக்க ஆள் போதவில்லை. கோவிந்தராசுதான் இரண்டு பேரைக் கூட்டிவந்து, தானும் தோள் கொடுத்தார். கொள்ளி வைத்தது என் கணவர். யார் செய்தது பாவம் என்று ஈசன் பார்த்துக்கொள்ளட்டும்.

பாஸ்கர் போனில் சொன்னது: “லீவு கெடைக்கல சித்தப்பா. கொளத்த மட்டும் வெல பேசி முடிச்சிருங்க.”

நேற்று இறால் பண்ணைக்காரர் வந்தார். பொங்கல் கழிந்ததும் பொக்லைன் கொண்டுவந்து கரையை மட்டமாக்கி, உப்புத் தண்ணீர் ஏற்றப்போகிறாராம். மிச்சக் கூடுகளில் குஞ்சுகள் இன்னும் இறகு விடவில்லை. உப்பு இறங்கினால் கீழ் வயல்களும் போகும். கோவிந்தராசுவின் வயலும் அங்கேதான் இருக்கிறது. நான் படலை மறித்து, “முடியாது” என்றேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு சொல்தான். பண்ணைக்காரர் சிரித்தார்.

“பட்டா ஒங்க பேர்லயாம்மா இருக்கு?”

இல்லை. பாஸ்கர், முரளி, அது உங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. ஒருவன் கையெழுத்தில் விற்க முடியாது. விற்கிறீர்களா, இல்லையா என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடிதம் வர நாளாகும், பூத்துக்குப் போன் செய்தால் அங்கிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிடுவார். பொங்கலுக்கு முன் பதில் வேண்டும்.