பிறக்காதவர்களின் கூறு

வீரம்மாளின் வீட்டுக் கூரை பாதி ஓடு, பாதி புல். பழனி மலையில் வடகவுஞ்சிக்குக் கீழே பதினெட்டுக் குடும்பங்கள் இருந்த அந்தச் சிற்றூருக்குப் புதிதாக வருகிறவர்கள், வேலை பாதியில் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். மழைக்காலத்தில் மகனையும் மருமகளையும் பேத்தியையும் ஓட்டுக்குக் கீழே படுக்கவிட்டு, ஒழுகுகிற பக்கம் அவள் படுத்துக்கொள்வாள். அந்தக் கூரை வந்த கதையைக் கேட்டால் அவள்மேல் எவருக்கும் மதிப்பு வரும். கூடவே கொஞ்சம் பயமும் வரும்.

காப்பித் தோட்டங்களில் பழம் பறித்து வயிறு வளர்த்த கைம்பெண் அவள். வாய் கொஞ்சம் நீளம். அவள் எதிரே வந்தால் வேறு வழியாகப் போய்விடும் ஆம்பிளைகள் ஊரில் உண்டு.

ஊருக்கு மேலே, எல்லோருக்கும் பொதுவான பட்டாவில் ஒரு சோலைக்காடு இருந்தது. அதன் அடியில் புறப்படும் ஊற்றுதான் ஊருக்கே குடிதண்ணீர். எழுபத்தாறாம் வருஷம் பழனியிலிருந்து ஒரு மர வியாபாரி வந்தான். மொத்த மரத்துக்கும் ரொக்கம் தருவதாகச் சொன்னான். வெட்டிய இடத்தில் கிழங்கு போட்டுக்கொள்ளலாம் என்றான். அந்த வருஷம் உருளைக்கிழங்கு நிலத்திலேயே அழுகிப்போயிருந்தது. பல வீடுகளில் ஒருவேளைக் கஞ்சிதான். வீரம்மாளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பழனிக்குப் போகும்போதெல்லாம் ஓட்டு வீடுகளை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தவள் அவள்.

முனியப்பன் கோயில் முன்னால் ஊர் கூடியது. கணக்கு வழக்கெல்லாம் பெரியண்ணன் பொறுப்பு. மனக்கணக்கில் புலி, நல்ல மனுஷன், வீரம்மாளுக்குக் கொழுந்தன் முறை. பணத்தைப் பதினெட்டுப் பங்காக்கலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், பங்கு குறைகிறது என்றாள் வீரம்மாள். யார் விட்டுப்போனது என்று கேட்டார். இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் என்றாள். ஊரே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. அந்த ஊரில் முனியப்பனுக்குக் கிடா வெட்டினால், கறியை வீட்டுக்கு ஒரு கூறாக இலைகளில் வைப்பார்கள். ஊரில் இல்லாதவனுக்கும் கூறு உண்டு. அவன் வரும்வரை அதை உப்புக்கண்டம் போட்டு வைத்திருப்பார்கள்.

"போன திருவிழா அன்னைக்கு மயில்சாமி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல கெடந்தான்," என்றாள். "தூரத்துல இருக்கான்னு அவன் கூறுல ஒரு துண்டு கொறச்சீங்களா? இவுக வருசத்துல தூரமா இருக்காக. அம்புட்டுத்தான்."

பெரியண்ணன் பொறுமையாகவே பதில் சொன்னார். "மயில்சாமி திரும்பி வருவான்னு தெரியும், மதினி. பொறக்கப்போறவுக இங்கதான் இருப்பாகன்னு யாரு கண்டா?" அதோடு, அதற்குள் ரோடு வரும், பள்ளிக்கூடம் வரும், அவர்கள் நம்மைவிட வசதியாக இருப்பார்கள், அவர்களுக்காக நாம் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். வீரம்மாளுக்கே ஒரு கணம் மனசு ஆடியது.

"வசதியா இருக்கட்டும்," என்றாள். "தண்ணிக்கு எங்க போவாக?"

பிறகுதான் பேரம் தொடங்கியது. ஒருவர் அரைப் பங்கு என்றார், இன்னொருவர் பத்தில் ஒன்று என்றார். பெரியண்ணன் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். வருஷம் தள்ளத் தள்ளப் பங்கு தேய்ந்துகொண்டே போனது. அறுபது வருஷம் கழித்துப் பிறப்பவனுக்கு எலும்புகூட மிஞ்சவில்லை.

வீரம்மாள் எழுந்து, நிறைமாதமாக உட்கார்ந்திருந்த மருமகள் இராசாத்தியின் தோளில் கை வைத்தாள்.

"இது ஆவணியில பொறக்கும். இதுக்கு எம்புட்டு? இது பெத்துப்போடுறதுக்கு எம்புட்டு? எந்த வருசத்துல இருந்து என் வம்சம் கறிவேப்பிலையாகுது? சொல்லுங்க, கொழுந்தனாரே."

கடைசியில் பெரியண்ணன், சரி, வரப்போகிறவர்களுக்குக் கால் பங்கு, சோலையில் கால்வாசி நிற்கட்டும் என்று முடித்துவைத்தார். எந்தக் கால்வாசி என்று யாரும் கேட்பதற்கு முன்பே, ஊற்றைச் சுற்றி என்றாள் அவள்.

அவள் ஜெயித்துவிட்டாள் என்று சொன்னால் பொய். முக்கால் சோலை போயிற்று. கோடாரிச் சத்தம் கேட்ட நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்து அழுதாள். எல்லார் கைக்கும் வந்த பணத்தில் கால்வாசி குறைந்ததால் மகன் அழகர் மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. வந்த பணத்தில் பாதிக் கூரைக்குத்தான் ஓடு போட முடிந்தது. "பொறக்காதவுகளுக்குச் சொந்தக்காரி" என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மிச்சச் சோலைக்குள் விறகு வெட்டப் போனவர்களை விரட்டினாள், அழகரையும் சேர்த்துத்தான்.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது. மொட்டையான சரிவுகளில் ஓடைகள் தையிலேயே வற்றிவிட்டன. முன்பு கைத்தண்டி பாய்ந்த ஊற்று விரல் தண்டியாகியது. ஆனால் நிற்கவில்லை. அப்போது இருபத்தோரு வீடுகள். இரவும் பகலும் முறைவைத்துப் பிடித்தார்கள். ஒரு நாள் பெரியண்ணன் குடம் நிறையக் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இராசாத்தியின் மகள் அமிர்தவல்லி, அன்று வயிற்றில் இருந்தவள், சின்னச் செம்போடு தன் முறைக்கு நின்றாள். அவர் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரம்மாள் அங்கேதான் இருந்தாள். குத்திக்காட்ட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அந்த வாய் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரே அதிசயப்பட்டது.

மறுவருஷம் மழை பெய்தது, கிடாவும் வெட்டினார்கள். கூறு வைத்தவர் பெரியண்ணன். இருபத்தோரு வீட்டுக்கு இருபத்திரண்டு இலை போட்டார். கடைசி இலையில் கறியை வைத்து, மற்றக் கூறுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, ஈரலில் ஒரு துண்டை எடுத்து அதில் வைத்தார். வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கொடுத்து முடித்துவிட்டு அந்த இலையைத் தூக்கினார்.

"இது பொறக்காதவுக கூறு. வாங்கிக்கங்க, மதினி."

வீரம்மாள் வாங்கி, தன் கூறுக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தாள். ஒரு துண்டும் குறையவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஊரில் இல்லாதவர்களின் கூறை என்ன செய்வது வழக்கமோ அதையே செய்தாள். உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து, ஓடு வேய்ந்த பக்கம், மழை படாத இடமாகப் பார்த்துக் கட்டினாள்.