அக்கா வெளிநாட்டுக்காரியான நாள்

தோப்பூர் மேடையில் என் பேச்சு உச்சத்தில் இருந்தபோது, தலைவர் குனிந்து காதருகே சொன்னார்: சட்டத்தரணி மங்கையர்க்கரசி மறைந்துவிட்டார். பேச்சைப் பாதியில் விட்டு நான் மேடையிறங்கியது அன்று ஒருநாள்தான். அவரை அறிந்த திருகோணமலை அன்பர்களே, அவர் எவரையும் அழவைத்தவர் அல்லர். ஆகவே அவர் எங்களைச் சிரிக்கவைத்த கதையையே உங்கள் முன் வைக்கிறேன்.

கனடாவில் மறைந்த எங்கள் தம்பி, தன் வீட்டை என் அக்காவின் பெயருக்கு எழுதிவைத்திருந்தான். அதை விற்று, நிலாவெளியில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டையே சொந்தமாக்கிக்கொள்வது அக்காவின் பெருங்கனவு. வீட்டுக்காரரோ, சுணங்கினால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றிருந்தார். அந்த நேரம் பார்த்து, கனடா வீட்டை வாங்கவிருந்த இளம் தமிழ் இணையர், விலையில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொண்டே பணம் தருவோம் என்றனர்.

வழக்கறிஞராக எங்கள் விற்பனையைக் கவனித்த மங்கையர்க்கரசியின் அலுவலகத்தில் கதிரையை உதைத்து எழுந்தேன். கைபேசியில் அவர்களிடம் முழங்கினேன்: "தமிழன் பொருளைத் தமிழனே பறிப்பதா? இந்த விற்பனை இன்றோடு முடிந்தது!"

அருகிலிருந்த அக்காவின் முகம் வெளிறியது.

மங்கையர்க்கரசி கைபேசியைப் பறித்து, வாங்கவிருந்த இளைஞரிடம் பேசினார். "தம்பி, போனை வைச்சிடாதேங்கோ. அண்ணை மேடையெண்டு நினைச்சிட்டார்." பின் என்னிடம், "அண்ணை, அந்த நாட்டுச் சட்டம் அது. விக்கிற ஆள் வெளிநாடெண்டால், வாங்கிறவை வரிக்கெண்டு ஒரு பங்கைப் பிடிச்சு வைக்கோணும். நாங்கள் வரி கட்டாமல் விட்டால், அந்தப் பிள்ளையளிட்டத்தான் அறவிடுவாங்கள். வரியைத் தீர்த்துச் சான்றிதழ் எடுத்துக் குடுத்தால் மிச்சம் வரும்."

"வெளிநாட்டவர் யார்?" என்று உறுமினேன்.

"எங்கட அக்காதான்!"

அக்கா வெடித்துச் சிரித்தார். "பக்கத்து இறக்கக்கண்டிக்கு அங்கால போகாத நான் வெளிநாட்டுக்காரியோ, பிள்ளை!" கைபேசிக்குள்ளும் இருவர் சிரிப்பது கேட்டது.

அன்றே மங்கையர்க்கரசி நிலாவெளிக்குப் போனார். முதலில் வரும் பணத்தை உடனே தருவதாகவும் மிகுதியைச் சான்றிதழ் வந்தபின் தருவதாகவும் வீட்டுக்காரரிடம் பேசி, "ஓம்" சொல்லவைத்தே திரும்பினார். சொன்னபடி எல்லாம் நடந்தது.

வீடு அக்காவுக்குச் சொந்தமாகிப் பால் காய்ச்சிய அன்று, கனடா இணையரும் கைபேசித் திரையில் வந்து வாழ்த்தினர். துருவிய தேங்காய்ப்பூ ஒட்டிய விரலை என்னை நோக்கி நீட்டி மங்கையர்க்கரசி சொன்னார்: "சத்தம் போடுங்கோ அண்ணை, அது உங்கட சொத்து. ஆனால் முதல், அங்கால நிக்கிறவைக்கு என்ன பயமெண்டு கேளுங்கோ."

அவருடைய சட்ட அறிவு எனக்கு வாய்க்கவில்லை. அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன். என் குரல் இன்றும் தாழவில்லை, அன்பர்களே. கேட்ட பிறகு முழங்குகிறேன்.